சீலாகோட் ஊற்று எந்தப் பக்கம்?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ரியாஸ் போன் செய்தான். கீழக்கரைக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் இப்போது த்ரீ-டி பிரிண்டர் மிஷின் அவன் பொறுப்பு.

“அண்ணே, சீலாகோட் மாடல் நீங்க செஞ்சதாமே? அதே மாதிரி சின்னதா பத்து பீஸ் வேணுமுன்னு கஸ்டமர் கேட்டிருக்காரு. அதுல அவருக்கு ஒரு சந்தேகம். இங்க யாருக்கும் வெவரம் தெரியல. ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?”

“என்ன சந்தேகம்?”

“அந்த ஊத்து ஒண்ணு இருக்குல்ல, அதைப் பத்தித்தான்.”

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். பன்னிரண்டு வருடமாக அந்த ஊற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று கொஞ்ச காலமாகத்தான் நிம்மதியாக இருந்தேன்.

ரிடையர் ஆனபிறகு நான் அஜ்மானில் மகன் விசாவில் இருக்கிறேன். மகனும் மருமகளும் விடியுமுன் துபாய்க்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பால்கனியில் நின்று, கீழே பார்க்கிங்குக்கு நடக்கும் சண்டையைப் பார்ப்பதுதான் என் டியூட்டி. எப்போதாவது ஒர்க்‌ஷாப் பக்கம் போனால், “அண்ணே, நீங்க செஞ்சதுலயே பெஸ்ட் எது?” என்று அங்கே இருப்பவர்கள் கேட்பார்கள். கடலோரத்து ஹோட்டல் ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் அது இமயமலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். மொத்தமே அறுபத்துச் சொச்சம் வீடுகள். அதைப் பற்றிப் பேசினால் தீவான் சிங்கைப் பற்றிப் பேச வேண்டிவரும். அவன் மேல் எனக்கு இருந்தது பொறாமை. வேறு நாகரிகமான வார்த்தை கிடைக்குமா என்று தேடியும் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

கட்டப்போகும் கட்டடத்தையும் ஊரையும் மேஜை அளவுக்குச் சிறிதாக்கிச் செய்து கொடுப்பது எங்கள் தொழில். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். தச்சு வேலை தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் மூன்று வருடம் ஜன்னல் ஒட்டினேன். அடுத்த இரண்டு வருடம் மரம் நட்டேன். அதற்கப்புறம்தான் தரையைத் தொட விட்டார்கள். ரிசார்ட்காரர்கள் மலையில் இடம் வாங்க ஆரம்பித்த காலம் அது. மலை வேலை வந்தால் கலியமூர்த்தியைக் கூப்பிடு என்று ஆகிவிட்டது. வாய்க்கால் கரையைத் தவிர வேறு மேட்டில் ஏறாத எனக்கு, அதில் தலைகால் புரியாத பெருமை.

மலை செய்வது இப்படி. சர்வே மேப்பில் ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்து வளைவு வளைவாகக் கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஃபோம் ஷீட். கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டி வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் படிக்கட்டு மாதிரி ஒரு மலை எழும்பும். அதன் மேல் பிளாஸ்டர் பூசி, ஈரம் காயுமுன் விரலால் இழுத்துப் படிகளைச் சரிவாக்க வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள், பிறகு வண்ணம், கடைசியில் பசை தடவிப் புல்லுக்குப் பச்சைத் தூள்.

எங்கள் மேலாள் அருளம்பலம் சார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் சர்வே படம் வரைந்தவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பென்சில், மேஜையில் பால் ஊற்றாத தேநீர் நிறைந்த ஒரு ஃபிளாஸ்க். அந்த ஃபிளாஸ்க்கை வேறு யாரும் தொட முடியாது. வேலை முடிந்தது என்று சொன்னால் எழுந்து வருவார். மாடலை மேலிருந்து பார்க்கவே மாட்டார். குனிந்து, தாடையை மேஜை விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மாடலின் தெருவில் நிற்கிற மனிதனின் உயரத்திலிருந்து பார்ப்பார்.

“மேல நிண்டு பாக்க நீர் என்ன கடவுளோ? ரோட்டில நிண்டு பாரும்” என்பார்.

ஊசி குத்திப் பிடுங்கிய ஓட்டையைக் கண்டால் விடவே மாட்டார். “ஓட்டையை ரெண்டு தரம் அடையும். ஒருக்கா அடைச்சா காய்ஞ்சு உள்ள இறங்கி, உம்மைக் காட்டிக் குடுத்துப்போடும்.”

எல்லாம் சரியாக இருந்தால் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றுவார். “ம், போகும்.” அவ்வளவுதான். அவரிடம் நான் வாங்கிய அதிகபட்சப் பாராட்டு அதுதான். எல்லோருக்கும் அதுதான் என்று நினைத்திருந்ததால் எனக்கு அதில் குறை இல்லை.

சீலாகோட் ஆர்டர் கொடுத்தவர் துபாயில் கம்பளி வியாபாரம் செய்து பெரிய ஆளான ஒரு பெரியவர். ஒன்பது வயதில் ஊரைவிட்டு வந்தவர். அவருக்கு வேண்டியது இப்போதைய ஊர் அல்ல, மலை சரிவதற்கு முன்னால் இருந்த ஊர். அதுதான் சிக்கல். மலை கட்டுவதற்குப் பழைய சர்வே ஷீட் ஒன்று கிடைத்தது. அதில் உயரக் கோடுகள் இருந்தன. ஊர் இருந்த இடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சில கறுப்புப் புள்ளிகள்தான்.

நானும் சளைக்கவில்லை. பெரியவர் கொடுத்த நான்கு மங்கிய போட்டோக்களை வைத்துக்கொண்டு மலையை எழுப்பி, சரிவை வெட்டிச் சமப்படுத்தி, அழகழகாய் மனை போட்டு, மனைக்கு ஒரு வீடாக நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த வீடு அப்படித்தான். முதலில் தரையைச் சமன் செய்வோம், பிறகுதான் கடைக்கால்.

அப்போதுதான் தீவான் சிங் வந்தான். அவன் எங்கள் பேக்கிங் ஆள். மாடலை அனுப்ப மரப்பெட்டி அடிப்பவன். பெட்டிக்கு அளவெடுக்க டேப்போடு வந்தவன், அளவெடுக்காமல் நின்றான். பிறகு சிரித்தான். ஹிந்தியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“கலியமூர்த்தி பாய், இந்த வீட்டுக்காரன் மாட்டை எங்கே கட்டுவான்?”

“ஏன், கொல்லையில கட்டுவான்.”

“மலையில் கொல்லை ஏது பாய்? மாடு கீழ்த்தளத்தில், மனிதன் மேல்தளத்தில். வீட்டின் முதுகு மலையில் சாய்ந்திருக்கும். மேல் தெருவிலிருந்து நேரே மாடிக்குள் நுழைவோம். கீழிருந்து பார்த்தால் இரண்டு அடுக்கு, மேலிருந்து பார்த்தால் வெறும் கூரை. நீங்கள் கட்டியிருப்பது நெல் வயல்.”

உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். மாடலின் வடக்கு மூலையைத் தொட்டான். “இது என் வீடு.”

அருளம்பலம் சார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வந்தார், குனிந்தார், தாடையை வைத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“ஓம், அந்த ஆள் சொல்லுறது சரி. உதுகள் எல்லாத்தையும் பிடுங்கும்.”

அறுபத்துச் சொச்சம் வீட்டையும் பிடுங்கினேன். மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் தீவான் சிங் சாருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சார் அவனிடம் தன் உடைந்த ஹிந்தியில் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

சமவெளி முடிகிற இடத்தில் ரயிலும் முடிந்துவிடும். அங்கிருந்து வருடத்தில் எட்டு மாதம் வெறும் கூழாங்கல்லாகக் கிடக்கும் ஓர் ஆறு. அதைத் தாண்டினால் முதல் மலை. அதன் முதுகில், இரண்டு மேட்டுக்கு நடுவில் இருந்த தாழ்வில்தான் சீலாகோட். மேலே பனிப் பக்கத்திலிருந்து கம்பளியும் உப்பும் ஆட்டின் முதுகில் ஏறி இறங்கி வரும். கீழேயிருந்து வெல்லமும் துணியும் கோவேறு கழுதையில் ஏறும். இரண்டும் சந்தித்தது அந்த ஊரில். ஏன் அங்கே என்றால், அங்கே வற்றாத ஓர் ஊற்று இருந்தது. நௌலா என்பார்கள். கல் பதித்த சதுரக் குழி, உள்ளே படிப்படியாக இறங்கும், மேலே சின்னதாய் ஒரு கூரை. தண்ணீர் இருந்ததால் கழுதைக்காரன் தங்கினான், அவன் தங்கியதால் கடை வந்தது, கடை வந்ததால் ஊர் வந்தது. பிறகு வெள்ளைக்காரன் ஒரு பங்களா கட்டினான். பிறகு மோட்டார் ரோடு போட மலையின் காலை வெட்டினார்கள். ஒரு மழைக்காலத்தில் வடக்குப் பக்கம் சரிந்து, ஊற்றும் பாதி பஜாரும் போயிற்று. தீவான் சிங்குக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஊர் கீழே ரோட்டோரத்துக்கு இறங்கிவிட்டது.

ஒரு மனிதனுக்குத் தன் ஊரைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ரைஸ் மில், பஸ் ஸ்டாப், அதோடு தீர்ந்துபோகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம், சார் ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி அவனிடம் நீட்டினார். பெட்டி அடிக்கிறவனுக்கு. பதினாறு வருடம் அவர் கூட வேலை பார்த்த எனக்கு அந்தத் தேநீர் என்ன நிறம் என்றுகூடத் தெரியாது.

நான்காம் நாள் சார் அவன் கையில் ஒரு டப்பா குண்டூசியைக் கொடுத்தார். சிவப்புத் தலை வீட்டுக்கு, மஞ்சள் கடைக்கு, ஒரே ஒரு நீலம் ஊற்றுக்கு. வெறும் வெள்ளை மலையில் தீவான் சிங் ஒவ்வொன்றாகக் குத்தினான். குத்துமுன் கண்ணை மூடிக்கொள்வான், வாய் முணுமுணுக்கும். கடைசியாக நீல ஊசியை வடக்குச் சரிவில், பஜாரிலிருந்து ஒரு வளைவு கீழே குத்தினான். “வெயில் படாத பக்கம்” என்றான்.

சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லாயிருக்கு” என்றார்.

அன்று சாயங்காலம் ஆபீஸில் அவர் பேசியதும் காதில் விழுந்தது. இந்த ஆளைப் பேக்கிங்கிலிருந்து எடுத்து எனக்குப் பக்கத்து மேஜையில் போட வேண்டும், இனி மலை வேலைகளை அவனிடம் பழக்கலாம் என்றார். மலை வேலை போனால் நான் மறுபடி ஜன்னல் ஒட்டப் போக வேண்டியதுதான்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் போகவில்லை. நீல ஊசியைப் பிடுங்கினேன். மலை முதுகைத் தாண்டித் தெற்குப் பக்கம், நாள் முழுக்க வெயில் காய்கிற சரிவில், கழுதை கட்டும் இடத்துக்குக் கீழே குத்தினேன். பெரியவர் பார்த்த உடனே, எந்த மடையன் இதை இங்கே வைத்தான் என்று கேட்க வேண்டும், சார் தீவான் சிங்கைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். வடக்கில் இருந்த ஓட்டையில் பிளாஸ்டரை வைத்துக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. சாப்பாட்டு நேரம் முடியப்போகிற அவசரத்தில் ஒரு தடவைதான் அடைத்தேன்.

பிறகு ஒரு மாதம் ராப்பகலாக உழைத்தேன். பொய் சொல்லக் கூடாது, அந்த வேலையை நான் உயிரைக் கொடுத்துச் செய்தேன். வீடுகளை மலையில் சாய்த்தேன், மாட்டுக்குக் கீழ்த்தளம் வைத்தேன். அந்த இடைவெளியில் தீவான் சிங் வேறு பெட்டிகளில் மாட்டிக்கொண்டிருந்தான், பக்கம் வரவில்லை. தெற்குச் சரிவில் நீல ஊசி இருந்த இடத்தில் அழகான ஒரு சின்னக் கூரையோடு நௌலாவைக் கட்டினேன். சார் கேட்டபோது, தீவான் சிங்கே ஊசியை மாற்றிக் குத்திவிட்டுப் போனான் என்றேன்.

பெரியவர் பேரனோடு வந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேஜையை இரண்டு தரம் சுற்றினார். தன் வீட்டைக் கண்டதும் அழுதார். பிறகு தெற்குப் பக்கம் வந்து நின்றார்.

“நௌலா இங்கேயா இருந்தது?”

பன்னிரண்டு வயது வரை அந்த ஊரில் இருந்தவன் என்று சொல்லி, சார் தீவான் சிங்கைக் கூப்பிட்டார். கையில் சுத்தியலோடு வந்தான். பெரியவர், “நீ எங்கள் ஊர்க்காரன்தானே, நீ சொல்” என்றார்.

அவன் கூரையைப் பார்த்தான். பிறகு வடக்குப் பக்கம் பார்த்தான். மறுபடி கூரையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். அதை நான் பார்த்தேன்.

“ஊசி குத்தியது நான்தான், ஜி” என்றான் மெதுவாக.

“அப்படியென்றால் சரியாகத்தான் இருக்கும். நான் ஒன்பது வயதில் வந்துவிட்டேன். நீ பன்னிரண்டு வயது வரை அங்கே தண்ணீர் எடுத்தவன்” என்றார் பெரியவர்.

நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. அவன் பெயரில் நான் வைத்த பொய்யைக்கூட அவன் சொன்னதற்காகவே நம்பினார்கள். அதற்கும் பொறாமைப்பட்டேன் என்றால் என்னை என்ன செய்வது.

மறுநாள் சார் மேஜை விஷயத்தை அவனிடம் சொன்னார். நான் உப்புத்தாளைத் தேய்க்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

“வேண்டாம் சார். தண்ணீர் இருந்த இடமே எனக்கு மறந்துபோய்விட்டது. நான் மலை செய்யக் கூடாது. எனக்குப் பெட்டி போதும்.”

அப்பாடா என்று இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. அந்த நிம்மதி இரண்டு நாள் கூட நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்கடுத்த நாள் அவன் சீலாகோட்டைப் பேக் செய்தான். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, காகிதம் சுற்றி, பெட்டி அடிக்க ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டான். நடுவில் என் மேஜைக்கு வந்து, பெட்டியில் நம்பர் எழுத வேண்டும், மெல்லிய பிரஷ்ஷும் கொஞ்சம் நீல வண்ணமும் வேண்டும் என்றான். கொடுத்தேன். சாயங்காலம் பிரஷ்ஷைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். “சுக்ரியா, பாய்” என்று சொல்லி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் ஒரே கேம்பில் இருந்தோம். அவன் ராஜ்மா சமைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் வரும். நான் ரசம் வைத்தால் அவனுக்குப் போகும். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். சொன்னால் சாருக்குத் தெரியும், மேஜை போகும் என்று விழுங்கினேன். ஒருநாள் அவன் விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போனான். சார் கனடாவில் இருந்த மகளிடம் போய் அங்கேயே காலமானார். மலைகள் எல்லாம் எனக்கே வந்தன. என்னைப் போய் யாரும் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.

இந்தக் கதையையெல்லாம் மனசுக்குள் ஓட்டிக்கொண்டுதான் ரியாஸ் முன்னால் போய் நின்றேன். பெரியவர் போன வருடம் இறந்துவிட்டாராம். சீலாகோட் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதற்காகப் பேரன் பத்துப் பிரதிகள் கேட்டிருக்கிறார். துபாய் வீட்டில் இருந்த மாடலை ஸ்கேன் செய்து, சாம்பிளாக ஒன்றை மிஷின் அடித்திருந்தது. கை அகலத்தில், வெள்ளை வெளேரென்று.

“பேரன் மெயில்ல என்ன கேக்குறாருன்னா, மாடல்ல ரெண்டு ஊத்து இருக்கு, எது சரியானதுன்னு கேக்குறாரு.”

“ரெண்டா?”

“இந்தா பாருங்க.”

வடக்குச் சரிவில் அவன் விரல் வைத்த இடத்தில் ஒரு குழி இருந்தது. என் அவசர பிளாஸ்டர் காய்ந்து உள்ளே இறங்கிவிட்டது, சார் சொன்ன மாதிரியே காட்டிக் கொடுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன். இறங்கிய பிளாஸ்டர் வட்டமாக இருக்கும். இது சதுரம். உள்ளே இரண்டு படி. பஜாரிலிருந்து அந்தக் குழி வரைக்கும் கத்தி முனையால் கீறிய ஒரு பாதை.

ரியாஸ் கம்ப்யூட்டரில் ஒரிஜினல் போட்டோவைப் பெரிதாக்கினான். குழிக்குள் துளி நீலம். என் நீலம்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பெட்டிக்கு நம்பர் எப்போதும் கறுப்பு மார்க்கரில்தான் எழுதுவோம். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

“தாத்தா யாருக்குக் காட்டுனாலும் இந்த நீலத்தைத்தான் தொட்டுக் காட்டுவாராம், ஆனா கூரை போட்டது அந்தப் பக்கம் இருக்கே, அதான் கொழப்பமுன்னு எழுதியிருக்காரு” என்றான்.

பெரியவருக்கும் தெரிந்திருக்கிறது. தூசி தட்டும்போது என் பிளாஸ்டர் இறங்கிய குழியைப் பார்த்த நிமிடத்திலேயே தீவான் சிங்குக்குத் தன் ஞாபகம் தப்பில்லை என்று தெரிந்திருக்கும். யார் வேலை என்றும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே ஆறு வருடம் எனக்கு ராஜ்மா கொடுத்தான்.

குனிந்தேன். தாடையை மேஜையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, பஜாரில் நிற்கிற மனிதனின் உயரத்திலிருந்து பார்த்தேன். பாதை வீடுகளுக்கு நடுவில் திரும்பி, நிழலுக்குள் இறங்கி, வளைவில் அந்தக் குழியில் போய் முடிந்தது. என் அழகான கூரை அங்கிருந்து கண்ணில் படவே இல்லை. கத்திக் கீறல் ஒன்றுகூடப் பிசகவில்லை. பெட்டி அடித்த கை. என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டிய கை.

“எதை எடுக்கட்டும்ணே?”

“தெக்கால இருக்குறதை எடுத்துடு. அது நான் வச்சது. தெரிஞ்சே தப்பா வச்சேன். மெயில்லயும் அப்புடியே எழுதிப்போடு.”

ரியாஸ் என்னை ஏறிட்டுப் பார்த்தான். “அப்ப இந்தப் பக்கம் இருக்குறது?”

“அது தீவான் சிங் செஞ்சது.”

“யாரு அவரு, மாடல் மேக்கரா?”

“ஆமா. மலை செய்யிறவரு. அடியில அவரு பேரைப் போடு.”

“நாம பேரு போடுறதில்லையேண்ணே.”

“இதுல போடு. அந்த ஊரு பள்ளிக்கூடத்துக்குத்தான போவுது.”

டைப் செய்தான். பிறகு திரும்பி, “உங்க பேரையும் சேத்துப் போட்டுரவா? மலை மொத்தமும் நீங்கதானே செஞ்சீங்க?” என்று கேட்டான்.

ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடத்துக்கு மேலேயே யோசித்தேன். வேண்டாம் என்று சொன்னபோதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.